எல்.எஸ். லௌரி: வாசற்படியில் நின்று பார்த்த ஓவியர்

எல்.எஸ். லௌரி (லாரன்ஸ் ஸ்டீபன் லௌரி, நவம்பர் 1, 1887 – பிப்ரவரி 23, 1976) இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனின் முக்கியமான ஓவியர்களில் ஒருவர். வட இங்கிலாந்தில் மான்செஸ்டர், சால்ஃபோர்ட் பகுதிகளின் பஞ்சாலைத் தெருக்களையும், அவற்றில் கூட்டமாக நடந்துசெல்லும் தொழிலாளர்களையும் வரைந்தவர். அவர் வரைந்த மெலிந்த, முன்னோக்கி வளைந்த மனித உருவங்கள் ‘தீக்குச்சி மனிதர்கள்’ என்று அழைக்கப்பட்டன. அந்தப் பெயரே அவருக்குப் புகழையும் இளக்காரத்தையும் ஒருசேரக் கொண்டுவந்தது.

லௌரி 42 ஆண்டுகள் ஒரு வீட்டுவாடகை நிறுவனத்தில் வேலைபார்த்தார். அவ்வேலையின் பெரும்பகுதி வீடுவீடாகச் சென்று வாடகை வசூலிப்பது. இச்செய்தியைத் தன் வாழ்நாள் முழுக்க அவர் மறைத்துவைத்திருந்தார். அவருடைய ஓவியங்களில் மனிதர்கள் ஏன் எப்போதும் குறிப்பிட்ட ஒரு தொலைவிலேயே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடையை அந்த வேலையிலிருந்து தேடத் தொடங்கலாம்.

பிறப்பு, குடும்பம்

லௌரி லங்காஷயரின் ஸ்ட்ரெட்ஃபோர்டில் ராபர்ட் லௌரி, எலிசபெத் இணையரின் ஒரே மகனாகப் பிறந்தார். தந்தை நிலம், வீடு சார்ந்த அலுவலகம் ஒன்றில் எழுத்தர். தாய் தேர்ந்த பியானோக் கலைஞர். குடும்பம் முதலில் மான்செஸ்டரின் வசதியான குடியிருப்புகளில் ஒன்றான விக்டோரியா பார்க்கில் வாழ்ந்தது. பணநெருக்கடியால் 1909-ல் பெண்டில்பரிக்குக் குடிபெயர்ந்தது. பெண்டில்பரி பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கமும் சூழ்ந்த ஊர். எலிசபெத்தால் இந்த இறக்கத்தை இறுதிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. லௌரியும் தொடக்கத்தில் அவ்வூரை வெறுத்தார். சில ஆண்டுகளில் அந்த வெறுப்பு ஆர்வமாகவும், பிறகு விடமுடியாத பற்றாகவும் மாறியது என்று பின்னாளில் கூறினார்.

பெண்டில்பரியில் பிறந்து ஆலையில் வேலைக்குச் சென்ற ஒருவருக்கு அந்தத் தெருக்கள் அன்றாடம். அவற்றை வரையவேண்டும் என்று அவருக்குத் தோன்றாமலிருக்கலாம். லௌரி வெளியிலிருந்து அங்கே தள்ளப்பட்டவர். அங்கே 1948 வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனாலும் அந்தத் தெருவின் ஆளாக அவர் ஆகவில்லை.

கலைக்கல்வி

லௌரி முறையான கலைப்பயிற்சி இல்லாதவர் என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. அது பிழை. 1905 முதல் மான்செஸ்டர் கலைப்பள்ளியில் மாலைவகுப்புகளில் பயின்றார். 1915 முதல் சால்ஃபோர்ட் கலைப்பள்ளியில் ஏறத்தாழ பத்தாண்டுகள் பயின்றார். சிலைகளைப் பார்த்து வரைதல், நேரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து வரைதல் என்னும் மரபான பாடங்கள் அனைத்தையும் கற்றார். அக்காலத்து பென்சில் ஓவியங்களில் உடற்கூறின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு தெளிவாகத் தெரிகிறது. தீக்குச்சி உருவங்கள் வரையத் தெரியாதவரின் உருவங்கள் அல்ல. வரையத் தெரிந்த ஒருவர் தேர்ந்தெடுத்துச் சுருக்கியவை.

மான்செஸ்டரில் அவருடைய ஆசிரியர் அடால்ஃப் வாலெட் பிரான்ஸிலிருந்து வந்தவர். மோனே, பிசாரோ ஆகியோரின் இம்ப்ரெஷனிசப் பாணியை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். வாலெட்டும் மான்செஸ்டரின் மூடுபனியையும் புகையையும் ஓவியங்களாக வரைந்தவர். தொழில்நகரம் ஓவியத்துக்குரிய பொருள்தான் என்ற துணிவை லௌரி அவரிடமிருந்து பெற்றார். ஆனால் வாலெட்டின் ஓவியங்களில் புகை அழகாகிறது. நகரம் நீலமும் சாம்பலுமாகக் கரைகிறது. லௌரி அந்த வழியில் செல்லவில்லை.

1916-ல் பெண்டில்பரி ரயில்நிலையத்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டு வெளியே வந்தபோது அக்மி நூற்பாலை வேலைமுடிந்து ஆட்களை வெளியே விடும் காட்சியைக் கண்டதாகவும், தான் வரையவேண்டியது இதைத்தான் என அப்போது உணர்ந்ததாகவும் லௌரி பலமுறை சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையைக் கதையாகச் சொல்வதில் விருப்பமுள்ளவர் அவர். அந்த ஒரு மாலையில் எல்லாம் மாறியது என்பதைவிட, பல ஆண்டுகள் அதே தெருக்களில் நடந்ததன் விளைவாக அந்தப் பார்வை உருவானது என்று கொள்வதே பொருத்தம்.

வாடகை வசூல்

லௌரி 1910-ல் பால் மால் பிராப்பர்ட்டி கம்பெனியில் வாடகை வசூலிப்பவராகவும் எழுத்தராகவும் சேர்ந்தார். பின்னர் தலைமைக் காசாளர் ஆனார். 1952-ல் 65-ஆம் வயதில் ஓய்வூதியத்துடன் ஓய்வுபெற்றார். ஓவியம் வரைந்தது அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பின், பெரும்பாலும் இரவில்.

தொழிலாளர் குடியிருப்புகளில் வாடகை வாரந்தோறும் வசூலிக்கப்பட்டது. வாடகைக்காரர் ஒவ்வொரு கதவையும் தட்டுவார். கதவு திறக்கும். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் நோய், எந்த வீட்டில் குழந்தை இறந்தது, யார் இந்த வாரமும் தரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வீட்டுக்குள் அழைக்கப்படும் விருந்தினர் அல்ல. பணத்தை வாங்கிக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த கதவுக்குச் செல்வார். தொழிலாளியின் இடத்திலும் முதலாளியின் இடத்திலும் அவர் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில் நிற்பவர்.

லௌரியின் ஓவியங்களில் பார்வையாளர் நிற்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். அவருடைய பெரிய தெரு ஓவியங்களில் நாம் சற்று உயரத்தில், சற்று தள்ளி நிற்கிறோம். வீடுகளின் வெளிச்சுவர், கதவு, சன்னல், படிக்கட்டு எல்லாம் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அபூர்வமாகவே தெரியும். 1928-ல் வரைந்த ‘காலிசெய்தல்’ ஓவியத்தில் ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் கிடக்கின்றன. சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். வாடகை தராதவர் வெளியேற்றப்படும் காட்சியை வாடகை வசூலிக்கும் ஒருவரே வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்தில் கண்ணீர் இல்லை, கண்டனமும் இல்லை. நடந்தது நடந்தபடி வைக்கப்பட்டிருக்கிறது.

வேலையை அவர் மறைத்ததற்குக் காரணம் உண்டு. அலுவலக வேலைபார்ப்பவர் என்று தெரிந்தால் தன்னை ஓய்வுநேர ஓவியர் என்று ஒதுக்கிவிடுவார்கள் என அஞ்சினார். அவருடைய மறைவுக்குப் பிறகே அது பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் அவருடைய ஓவியங்களைப் பழையபடி பார்க்க முடியாது. ஏழைகளின் மேல் அன்புகொண்ட எளிய மனிதர் என்ற பிம்பம் சற்று கலைகிறது. அதனிடத்தில் வருவது மேலும் சிக்கலான ஒருவர். அவர் அறிந்தவர், ஆனால் விலகி நின்றவர்.

வெள்ளைப் பின்னணி

லௌரியின் தொடக்ககால ஓவியங்கள் இருண்டவை. சால்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராகவும், மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் கலைவிமர்சகராகவும் இருந்த பெர்னார்ட் டெய்லர் அதைச் சுட்டிக்காட்டினார். கரிய உருவங்கள் கரிய பின்னணியில் தொலைந்துபோகின்றன என்பது குறை. அதன்பின் லௌரி பலகையிலும் கித்தானிலும் முதலில் வெள்ளையைத் தடித்துப் பூசி, அதன்மேல் வரையத் தொடங்கினார்.

அந்த வெள்ளை காலப்போக்கில் எப்படி மாறும் என்று அறிய ஒரு பலகையில் வெள்ளை பூசி மூடிவைத்தார். சில ஆண்டுகள் கழித்துப் புதிதாக வெள்ளை பூசிய பலகையுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். பழையது மங்கிச் சாம்பல் கலந்த பாலேட்டு நிறத்துக்கு வந்திருந்தது. தான் விரும்பியது அந்த நிறத்தையே என்றார். தன் ஓவியங்கள் தனக்குப் பின்னர்தான் முழுமையடையும் என்ற கணக்கு அதில் இருந்தது.

அவர் பயன்படுத்திய நிறங்கள் ஐந்து மட்டுமே: ஃபிளேக் வைட், ஐவரி பிளாக், வெர்மிலியன், பிரஷியன் புளூ, யெல்லோ ஓக்கர். வானமும் தரையும் ஏறத்தாழ ஒரே வெண்மை. உருவங்களுக்கு நிழல் கிடையாது. வெயில், மழை என்னும் வேறுபாடும் இல்லை. நிழல் இல்லாத மனிதர் தரையில் ஊன்றி நிற்பதில்லை. ஒட்டவைத்தவர்போல இருக்கிறார். எந்த நேரமும் அங்கிருந்து எடுத்துவிடக்கூடியவர் போலவும் தோன்றுகிறார். ஆலை நகரத்தில் மனிதருக்கு இருந்த இடம் அத்தகையதுதான் என்பதை லௌரி இந்த எளிய முறையால் காட்டிவிடுகிறார்.

கூட்டமும் தனியரும்

‘ஆலையிலிருந்து வருதல்’ (1930) லௌரியின் நன்கறியப்பட்ட ஓவியங்களில் ஒன்று. பின்னணியில் ஆலையும் புகைபோக்கிகளும். முன்னால் வேலைமுடிந்து வரும் மக்கள். அனைவரும் முன்னோக்கிச் சாய்ந்து நடக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே அலை. அருகே சென்றால் ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை என்பது தெரியும். நெருக்கமாக நடப்பவர்களுக்கிடையே பேச்சு இல்லை. லௌரியின் கூட்டங்கள் ஒன்றுபட்ட தொழிலாளர் வர்க்கத்தின் படங்கள் அல்ல. தனித்தனி ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நடப்பதன் படங்கள்.

‘ஒரு விபத்து’ (1926) ஓவியத்தில் கூட்டம் எதையோ சுற்றி நிற்கிறது. அது என்ன என்பது நமக்குத் தெரிவதில்லை; முதுகுகள் மறைக்கின்றன. நீரில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைப் பார்க்கக் கூடிய கூட்டம் அது. மான்செஸ்டர் நகரக் கலைக்கூடம் அந்த ஓவியத்தை வாங்கியது. ‘காய்ச்சல் வண்டி’ (1935) ஓவியத்தில் தொற்றுநோய் கண்டவரை அழைத்துச்செல்ல வண்டி வந்து நிற்கிறது. டிப்தீரியா போன்ற நோய்கள் குழந்தைகளைக் கொன்ற காலம். அந்த வண்டியில் ஏறியவர் திரும்பிவராமல் போகலாம். அதைச் சொல்ல லௌரி நோயாளியின் முகத்தை வரையவில்லை. பெரிய தெருவில் ஒரு சிறிய வண்டி. அதைப் பார்த்து நிற்கும் சிலர். அவ்வளவுதான்.

இந்த ஓவியங்கள் வரையப்பட்ட காலத்தில் லங்காஷயரின் பஞ்சாலைத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. லங்காஷயர் துணியின் மிகப் பெரிய சந்தை இந்தியா. முதல் உலகப்போருக்குப் பின் இந்திய ஆலைகளின் வளர்ச்சியும் ஜப்பானின் போட்டியும் அந்தச் சந்தையைச் சுருக்கின. அந்நியத் துணிப் புறக்கணிப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தி, லங்காஷயரின் டார்வென் பகுதிக்குச் சென்று வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். இந்தியாவில் கதர் உடுத்தியவர்கள் தம் எதிரில் கண்ட லங்காஷயர் ஒரு பேரரசின் தொழில்வலிமை. லௌரி காட்டும் லங்காஷயர் அந்த வலிமையின் உள்ளே கூலிக்கு நடந்தவர்களின் தெரு.

விமர்சகர் ஜான் பெர்ஜர் 1966-ல் எழுதிய கட்டுரையில் லௌரியின் ஓவியங்களை பிரிட்டிஷ் பொருளியல் வீழ்ச்சியோடு இணைத்து வாசித்தார். லௌரியைத் தன் ஊரின் வேடிக்கைக் காட்சிகளை வரைந்தவராகச் சுருக்கிய பொதுப்பார்வையை அவ்வாசிப்பு மறுக்கிறது.

தாயின் நோயும் சிவந்த கண்களும்

1932-ல் தந்தை கடன்களை விட்டுவிட்டு மறைந்தார். தாய் படுக்கையில் விழுந்தார். மகனைத் தவிர வேறெவரும் தன்னைக் கவனிப்பதை எலிசபெத் விரும்பவில்லை. பகலில் அலுவலகம், மாலையில் தாய், அவர் உறங்கிய பின் இரவு பத்துமணிக்கு மேல் ஓவியம் என ஏழாண்டுகள் கழிந்தன. தாய்க்கு மகனின் ஓவியங்கள் பிடிக்கவில்லை. எந்த ஊருக்கு வந்ததைத் தன் வாழ்க்கையின் அவமானமாக அவர் கருதினாரோ அந்த ஊரையே மகன் வரைந்துகொண்டிருந்தார்.

‘ஒரு மனிதனின் தலை’ (1938) இக்காலத்தில் வரையப்பட்டது. சிவந்த கண்களுடன் நேருக்குநேர் நோக்கும் முகம். தொலைவிலிருந்தே மனிதர்களை வரைந்த லௌரி இங்கே திடீரென மிக அருகில் வந்துவிடுகிறார். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வரையத் தொடங்கிய படம் அது. தெரு ஓவியங்களின் விலகல் உணர்ச்சியின்மையால் வந்தது அல்ல என்பதற்கு இந்த ஒரு முகமே சான்று. விலகல் அவருக்கு ஒரு தற்காப்பு.

1939-ல் லண்டனின் லெஃபெவர் காலரியில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடைபெற்றது. டேட் கலைக்கூடம் அவருடைய ஓவியமொன்றை வாங்கியது. அப்போது அவருக்கு 51 வயது. அதே ஆண்டு அக்டோபரில் தாய் மறைந்தார். அவர் பார்த்து மகிழவேண்டிய புகழ் அதன் பின்னரே பெருகியது. இனி அதனால் என்ன பயன் என்ற கேள்வி லௌரியை இறுதிவரை விடவில்லை.

ஆலைகளுக்குப் பின்

லௌரி 1948-ல் மாட்ரம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதுகளிலிருந்து ஆலைத் தெருக்கள் அவருடைய ஓவியங்களில் குறைந்தன. பின்னணி முழுக்க வெள்ளையாகி, ஓரிரு உருவங்கள் மட்டும் நின்றன. ‘ஊனமுற்றோர்’ (1949) ஓவியத்தில் கால் இழந்தவர்களும் கோலூன்றியவர்களும் ஒரே சட்டகத்தில் கூட்டமாக நிறைந்திருக்கிறார்கள். அது கேலியா, கவனிப்பா என்ற விவாதம் உண்டு. ஓவியத்தில் கேலியின் சாயல் இல்லாமலில்லை. மனிதர்களை உருவங்களாகத் தொகுக்கும் லௌரியின் முறை அதன் எல்லையைத் தொடும் இடம் அது. தொலைவு பரிவாக இல்லாமல் வேடிக்கையாகிவிடும் ஆபத்தை அவர் எப்போதும் தவிர்த்தார் என்று சொல்லமுடியாது.

இதற்கு மறுபுறம் அவருடைய கடல் ஓவியங்கள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சண்டர்லாண்ட் அருகே அடிக்கடி தங்கி வரைந்தவை. மனிதர், படகு, பறவை எதுவும் இல்லை. வெள்ளைக் கடலும் வெள்ளை வானமும் ஒரு மெல்லிய கோட்டில் சந்திக்கின்றன. தெரு ஓவியங்களில் பின்னணியாக இருந்த வெண்மை இங்கே மட்டுமே எஞ்சியிருக்கிறது. கூட்டத்தை வரைந்தபோதும் லௌரியின் உண்மையான பேசுபொருள் தனிமையே என்பதை இந்தக் கடல்களைப் பார்த்தபின் உணரலாம்.

அவர் மறைவுக்குப் பின் வீட்டில் வேறுவகைப் படங்களும் கிடைத்தன. இறுக்கமான உடைகளில் பொம்மைபோலக் கட்டுண்டு நிற்கும் இளம்பெண்களின் படங்கள் அவை. அன்பான முதியவர் என்ற பிம்பத்துக்குள் அவற்றை அடக்கமுடியாது.

புகழும் மறுப்பும்

லௌரி 1962-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். அரசு அளிக்க முன்வந்த கௌரவங்களை ஐந்துமுறை மறுத்தார். 1968-ல் மறுத்த ‘சர்’ பட்டமும் அவற்றுள் ஒன்று. அப்போதைய பிரதமர் ஹெரால்ட் வில்சன் லௌரியின் ரசிகர். 1964-ல் தன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு லௌரியின் ‘குளம்’ (1950) ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தவர்.

1976-ல் அவர் மறைந்த சில மாதங்களில் ராயல் அகாடமியில் நடந்த கண்காட்சிக்குப் பெருங்கூட்டம் வந்தது. 1978-ல் அவரைப் பற்றிய பாடலொன்று பிரிட்டிஷ் இசைப்பட்டியலில் முதலிடம் பெற்றது. பிஸ்கட் டப்பாவிலும் நாட்காட்டியிலும் அவருடைய ஓவியங்கள் அச்சாயின. இந்தப் புகழே கலைவிமர்சகர்கள் அவரை ஒதுக்கக் காரணமாயிற்று. வட்டார ஓவியர், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் என்றனர். டேட் கலைக்கூடம் தன்னிடமுள்ள லௌரி ஓவியங்களை ஏன் பார்வைக்கு வைப்பதில்லை என்று நடிகர் இயன் மெக்கெல்லன் உள்ளிட்டோர் 2011-ல் கேள்வி எழுப்பினர். 2013-ல் டேட் பிரிட்டனில் டி.ஜே. கிளார்க், ஆன் வாக்னர் ஆகிய கலைவரலாற்றாளர்கள் அமைத்த பெரிய கண்காட்சி நடைபெற்றது. பிரெஞ்சு ஓவியர்கள் தொடங்கிய ‘நவீன வாழ்க்கையை வரைதல்’ என்னும் மரபில் அது லௌரியை வைத்தது.

சால்ஃபோர்டில் 2000-ஆம் ஆண்டு அவர் பெயரில் ‘தி லௌரி’ கலைமையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 படைப்புகள் அங்கே உள்ளன. போல்டன் கால்பந்து அரங்குக்குச் செல்லும் கூட்டத்தைக் காட்டும் ‘ஆட்டத்துக்குச் செல்லுதல்’ (1953) ஓவியத்தை 1999-ல் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கம் 19 லட்சம் பவுனுக்கு வாங்கியது. 2022-ல் அது மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, தனியார் கைக்குச் சென்று மக்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அறக்கட்டளை ஒன்றின் கொடையால் லௌரி மையமே அதை 78 லட்சம் பவுனுக்கு வாங்கியது. சனிக்கிழமை மதியம் சில்லறை கொடுத்து ஆட்டம் பார்க்கச் சென்றவர்களின் படம் அது.

கலை இடம்

லௌரியைப் பற்றி இருவகைப் புரிதல்கள் நிலவுகின்றன. அவர் ஏழைகளின் ஓவியர் என்பது ஒன்று. பழைய நாட்களின் இனிய நினைவுகளை வரைந்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் ஓவியங்களோடு பொருந்தவில்லை. ஏழைகளின் சார்பில் அவர் எதையும் கோரவில்லை. அவருடைய தெருக்களில் இனிமையும் குறைவு. ‘ஏரி’ (1937) போன்ற ஓவியங்களில் ஆலைக்கழிவால் செத்த நீரும் பாழ்நிலமும் தெரிகின்றன. அதை ஏக்கத்துடன் நினைவுகூர முடியாது.

அவருடைய எல்லையும் வலிமையும் ஒன்றேதான். வாசற்படிக்கு அப்பால் அவர் செல்லவில்லை. ஒரு தொழிலாளியின் உள்ளத்தை, ஒரு வீட்டின் அடுப்படியை, ஒரு தறியின் முன் நிற்கும் பெண்ணின் கைகளை அவரிடம் தேடினால் கிடைக்காது. ஆனால் தான் அறியாததை அறிந்ததாக அவர் நடிக்கவும் இல்லை. உழைப்பவரைப் பெருமிதமாகத் தோள்விரித்து நிற்கவைக்கும் ஓவியங்கள் அவருடைய காலத்தில் ஐரோப்பாவில் ஏராளமாக வந்தன. லௌரி வளைந்த முதுகுகளை வரைந்தார். வாரந்தோறும் அந்தக் கதவுகளைத் தட்டியவருக்கு அவை அப்படித்தான் தெரிந்தன.

இன்று அந்த ஆலைகள் பெரும்பாலும் இல்லை. தொழிலாளர் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. லங்காஷயரின் தொழில்நகரத்தை நினைக்கும்போது பலருக்கும் மனதில் எழுவது லௌரியின் வெள்ளைத் தெருவும் கரிய உருவங்களும்தான். அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் தம்மைப் பற்றி விட்டுச்சென்ற ஓவியங்கள் மிகக் குறைவு. எஞ்சியிருப்பது அவர்களிடம் வாடகை வாங்கச் சென்றவரின் பதிவு. அதை நன்றியோடும் சற்று எச்சரிக்கையோடும் பார்ப்பதே லௌரியை முறையாக வாசிப்பது.